கப்பலேறிப் போனவரின் மகனைத் தேடுவது எப்படி?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு: "எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி கப்பல்ல போனாரு, அப்புறம் சேதியே இல்ல." தேடக் கிளம்புகிறவர்கள் நேரே கப்பலுக்குத்தான் போகிறார்கள். எந்தக் கப்பல், எந்த வருஷம், ஆள் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். போனவர் பெரும்பாலும் கைநாட்டு. அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது ஒரு பெயர், ஒரு வயது, ஓர் எண். அங்கே அவருக்குப் பிறந்த மகன் அப்படியில்லை. பிறப்புப் பதிவு, ஞானஸ்நானம், பட்டாளம், கல்யாணம், நிலம், வாக்காளர் பட்டியல், சாவு என்று வழியெல்லாம் தாள் விட்டுப் போயிருக்கிறார். முதலில் மகனைப் பிடியுங்கள். அப்பாவின் எண்ணும் ஊரும் அந்தத் தாள்களிலிருந்தே கிடைக்கும்.

அமெரிக்காவுக்குப் போன இத்தாலியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் வெகுகாலமாக இப்படித்தான் செய்கிறார்கள். பென்சில்வேனியாவில் ரோசெட்டோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. தெற்கு இத்தாலியின் ரோசெட்டோ வால்ஃபோர்ட்டோரே கிராமத்திலிருந்து போனவர்கள் கற்பலகைச் சுரங்கங்களில் வேலை பார்த்துக்கொண்டே உருவாக்கிய ஊர். அப்படியோர் ஊரில் பிறந்த பையனைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாம். 1900 முதல் 1930 வரையிலான கணக்குகளில் பெற்றோர் பிறந்த நாடும், வெளிநாட்டில் பிறந்த தகப்பன் குடியேறிய வருஷமும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். அந்தத் தாள்கள் 72 வருஷம் கழித்துப் பொதுவுக்குத் திறக்கும். 1950 கணக்கு 2022இல் திறந்தது. பையன் 1917, 1918இல் ராணுவப் பதிவு அட்டை நிரப்பியிருப்பான். அப்பா 1906க்குப் பிறகு குடியுரிமை மனு போட்டிருந்தால் பிறந்த ஊரும் வந்த கப்பலும் அதிலேயே வரும். இவ்வளவும் கையில் வந்த பிறகுதான், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதிக்க 1892இல் திறந்த எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியலைப் புரட்டுவார்கள். அந்தத் தீவில் இறங்கும்போது அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். அது கதை. பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, அமெரிக்க அதிகாரி சரிபார்த்தார், அவ்வளவுதான்.

நம்மவர்கள் விஷயத்தில் அது கதையல்ல. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதியவர் ஒரு குமாஸ்தா. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

எந்த இணையதளத்தையும் திறக்கும் முன் வீட்டுப் பரணை இறக்குங்கள். பழைய பத்திரங்களில் பாகப்பிரிவினை ஒன்று இருந்தால் அதுதான் முதல் பொக்கிஷம். ஊரைவிட்டுப் போனவருக்கும் பங்கு உண்டென்பதால் அவர் பெயரோ, "தேசாந்திரம் போய்விட்டபடியால்" என்பது போன்ற ஒரு வரியோ அதில் இருக்கக்கூடும். அடுத்தது மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி மொய் நோட்டுகளில் பெயரோடு ஊரும் எழுதியிருப்பார்கள். பங்காளி யார், சம்பந்தி யார், எந்த ஊரில் கிளை இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சர்க்கார் பதிவேடும் சொல்லாது. பழைய போட்டோக்களைத் திருப்பி, பின்புறம் உள்ள ஸ்டூடியோ முத்திரையைப் படியுங்கள். சைகோன், ரங்கூன், பினாங்கு என்று அச்சிட்டிருந்தால் தேடும் திசை மாறிவிடும்.

பெரியவர்களிடம் "அவர் எந்த வருஷம் போனார்?" என்று கேட்காதீர்கள். வாயில் வந்த ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள், நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு அலைவீர்கள். நிகழ்ச்சியோடு கோத்துக் கேளுங்கள். "ஆயா, அவர் போறப்ப உங்க மாமியாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" "பிரெஞ்சுக்காரன் கொடி எறக்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" கொடி இறங்கியது 1954 நவம்பர் 1. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. மலாயாவுக்கு "ரஜூலா கப்பல்ல போனாரு" என்றால் 1926க்கு முன் இருக்க வழியில்லை, கப்பல் கட்டப்பட்டதே அந்த ஆண்டுதான். இப்படி மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை வைத்தால் பத்து வருஷத்துக்குள் வந்துவிடலாம். பதிவேடு தேட அது போதும்.

பேச்சை போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனைக் கண்ணெதிரில் நீட்டாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் இழுக்கவும் வேண்டாம். அதற்குமேல் பெரியவர்கள் உங்களைத் திருப்திப்படுத்தப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்தத் திசையில் போனார்?

பிரெஞ்சு ஆட்சிப் பகுதியும் ஆங்கிலேயர் பகுதியும் இங்கே திட்டுத்திட்டாகக் கலந்து கிடந்தன. பாகூரில் நின்றால் நாலு பக்கமும் தென்னாற்காடு ஜில்லா. ஆகவே குடும்பம் எந்த ஆட்சியின் கீழ் இருந்தது என்பது ஒரு கேள்வி, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார் என்பது வேறு கேள்வி. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, ஆங்கிலேயர் பகுதி ஆட்களையும் சட்டப்படியே சேர்த்துப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏற்றினார்கள். பட்டியலில் "புதுச்சேரி" என்று இருந்தால் அது ஏறிய இடம். பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் புதுச்சேரியைச் சல்லடை போட்டுவிட்டு ஏமாந்து திரும்புவதற்கு இதுதான் முதல் காரணம். அவர்கள் ஊர் பண்ருட்டிப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ இருக்கலாம்.

அதே கரீபியன் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கு முதல் கூலிக் கப்பல் 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது. கப்பலின் பெயர் ஓரேலி. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுபோனது. மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரும் போனார்கள். 1880களின் முடிவுக்குள் இரண்டு ஓட்டமும் நின்றுவிட்டது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு ஆள் ஏற்ற 1882இல் ஆங்கிலேய அரசு தடை போட்டது. எனவே, "1910இல் மார்த்தினிக்குக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார்" என்று வீட்டில் சொன்னால் வருஷமோ ஊரோ தவறு. 1910 என்றால் சைகோனையோ மலாயாவையோ பர்மாவையோ பாருங்கள்.

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வாசல், தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் போய் நின்றது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். நேட்டால் பட்டியல்தான் இருப்பதிலேயே பொறுப்பாக எழுதப்பட்டது. பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பு அடையாளம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, சிலவற்றில் போட்டோவும் உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றியது 1903 முதல் 1916 வரை மட்டும். மலாயா, இலங்கைக்குக் கங்காணி வழியாகவும் பர்மாவுக்கு மேஸ்திரி வழியாகவும் போனார்கள்; இருவரும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்கள். தனியாள் தாள் மிகக் குறைவு. அங்கெல்லாம் மகனைத் தேடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது.

ஜில்லாப் பெயரைப் படிக்கும்போது இன்றைய வரைபடத்தை ஒதுக்கிவையுங்கள். பழைய தென்னாற்காட்டில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மட்டுமின்றி விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி எல்லாம் அடக்கம். 1993இல் விழுப்புரம் பிரிந்தது, 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. "தென்னாற்காடு, திண்டிவனம்" என்று பார்த்துவிட்டுக் கடலூர் கலெக்டர் ஆபீசில் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

பெயர் எப்படி மாறும்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக் குமாஸ்தா நம் "உ" ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போடுவார். முத்துசாமி "மூத்தூசாமி" ஆகிவிடுவார், அதுவும் நடுவில் இரண்டு "எஸ்" போட்டு. ஒரு "எஸ்" போட்டால் பிரெஞ்சில் "ஸ" மாறி இசட் ஒலியாகிவிடும் என்பதால் அப்படி. கடைசியில் வரும் "அன்" மூக்கொலியாகிவிடும்: கோவிந்தன் "கோவிந்தேன்", வீரப்பன் "வீராப்பேன்". அதை ஐ, என் என்ற எழுத்துகளில் முடிப்பார்கள். "அம்" என்பது ஓம் அல்லது ஓன் ஆகும்: சிதம்பரம் "சிதாம்பரோம்", வைத்திலிங்கம் "வைத்திலிங்கோன்". பெண்களின் "ஆயி" அப்படியே ஏ, ஒய், இ என்று முடியும்: கருப்பாயி, மருதாயி. "ழ" பாவம், "ல" ஆகிவிடும்.

தேடும் முன் ஒரு தாளில் உங்கள் பெயருக்கு எட்டுப் பத்து எழுத்துவடிவம் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எழுத்து மாறும் பெயர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சவரிமுத்து "எஸ்"ஸிலும் வரும், "சி ஹெச்"சிலும் வரும். கந்தசாமி "சி"யிலும் வரும், "கே"யிலும் வரும். பதிவேட்டின் அகரவரிசையில் ஒரு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று மூடிவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். பிரெஞ்சுத் தாளில் "கோந்தலூர்" என்று இருந்தால் கடலூர். "போர்த்தோ நோவோ" பரங்கிப்பேட்டை. "ஊல்கரே" உழவர்கரை. "வில்னூர்" வில்லியனூர்.

இதைவிடப் பெரிய கண்ணி, குடும்பப் பெயர். நம்மவருக்கு அது கிடையாது. அங்கே போனவரின் ஒற்றைப் பெயரை மகனுக்குக் குடும்பப் பெயராக ஆக்கினார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே கப்பலில் போயிருந்தால் இரண்டு தனித்தனிக் குடும்பப் பெயர் உருவாகிவிடும். இன்று அந்தத் தீவில் அவர்கள் வாரிசுகள் ஒருவரையொருவர் சொந்தம் என்று அறியாமல் இருப்பார்கள். இன்னொன்று: நம் முறைப்படி தாலி கட்டிய கல்யாணம் அங்கே பதிவில் ஏறவில்லை என்றால் பிள்ளையை முறையான கல்யாணத்தில் பிறக்காத பிள்ளையாக எழுதி, அம்மா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிட்டார்கள். லட்சுமி, மாரியாயி என்று பெண் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கும் ஆண்கள் அதனால்தான். அப்பா பெயரை மட்டும் வைத்துத் தேடி ஆள் கிடைக்காவிட்டால், அம்மா பெயரில் தேடுங்கள்.

புதுச்சேரியிலேயே இருந்து பிறகு சைகோன் போன ரெனோன்சான் குடும்பங்கள் வேறு கதை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி, லாபோர்த் ஆனது அப்படித்தான். அந்தத் துறவுப் பத்திரத்தில் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே தாளில் வரும். உங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தாளைத் தேடுங்கள். அது இல்லாமல் 1881க்கு முன்னால் ஓர் அடிகூட வைக்க முடியாது.

மகனின் பிறப்புப் பதிவை எடுப்பது

பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரொவான்ஸ் நகரில் கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக்காப்பகம் இருக்கிறது. அங்குள்ள 19ஆம் நூற்றாண்டு எத்தா சிவில் (பிறப்பு, கல்யாணம், சாவு) பதிவேடுகளைப் படமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. குவாதலூப், மார்த்தினிக், ரீயூனியன், புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் உண்டு. பெயர் போட்டுத் தேடும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். பிரதேசம், கொம்யூன் (உள்ளூராட்சிப் பகுதி), ஆண்டு, பதிவின் வகை என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

புரட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பத்தாண்டு அட்டவணை உண்டா என்று பாருங்கள். பிரெஞ்சு வழக்கப்படி அது 3இல் முடியும் ஆண்டில் தொடங்கி 2இல் முடியும்: 1863 முதல் 1872, 1873 முதல் 1882 என்று. அதில் பெயரும் தேதியும் கிடைத்ததும் அந்த ஆண்டுப் பதிவேட்டுக்குப் போங்கள். பத்தாண்டு அட்டவணை இல்லாவிட்டால், ஒவ்வோர் ஆண்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களிலும் சின்ன அகரவரிசை இருக்கும். முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கடைசியிலிருந்து திறங்கள். பல பதிவேடுகளில் குடியேறிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள். பொதுப் பகுதியில் இல்லாவிட்டால் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பக்கம் கிடைத்ததும் கண் முதலில் போக வேண்டிய இடம் ஓரம். அங்கே பதிவு எண்ணும் பிள்ளையின் பெயரும் இருக்கும். அதன் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் ஏதாவது குறுக்கி எழுதியிருந்தால் அதுதான் தங்கம். பின்னாளில் அப்பா பிள்ளையைத் தன் பிள்ளையென்று ஏற்ற குறிப்போ, பெயர் திருத்தமோ, கல்யாணக் குறிப்போ அது. 1897 சட்டத்துக்குப் பிறகு கல்யாணத்தைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுதும் வழக்கம் வந்தது. சாவுக் குறிப்பு 1945க்குப் பிறகு.

பிறகு உள்ளே படியுங்கள். முதல் இரண்டு வரி தேதி, அதுவும் எழுத்தால். அடுத்து வந்து தெரிவித்தவர் யார் என்பது. அது அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. தோட்ட மேலாளர் வந்து சொல்லியிருப்பார். அதன்பின் அம்மா பெயர், வயது, "இந்தியக் குடியேறி" என்ற சொல், அதையொட்டி ஓர் எண். அந்த எண்தான் மத்ரிகுல் எண், அதாவது குடியேறிக்குக் கொடுத்த பதிவு எண். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. வேறு எதை எழுதிக்கொள்ள மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் எண் மாறாது. குடியேறிகள் பேரேட்டில் அதே எண்ணைப் பிடித்தால் கப்பலும் வந்த தேதியும் ஒப்பந்த முதலாளியும் வரும். தோட்டத்தை "அபித்தாசியோன்" என்று போட்டு அதன் பெயரையும் எழுதியிருப்பார்கள்; அடுத்த பிள்ளை பிறந்தபோது தோட்டம் மாறியிருந்தால் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து இடம் மாறினார் என்று ஊகிக்கலாம்.

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் சில சொற்களைக் கண்ணுக்குப் பழக்கினால் போதும். "நே" பிறந்தவர், "ஃபீஸ் தெ" இன்னாரின் மகன், "ஃபீய் தெ" இன்னாரின் மகள், "வெவ்" விதவை, "தெசெதே" இறந்தவர். மாதத்தில் ஒரு குழி உண்டு. 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மேலே பொடியாக "பிர்" என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் எழுத்து டிசம்பர்.

புதுச்சேரிப் பதிவேடுகளைத் திறக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதியையும் பாருங்கள். சாட்சிகளும் தகப்பனும் சில இடங்களில் தமிழில் கையெழுத்திட்டிருப்பார்கள். குமாஸ்தா பிரெஞ்சில் குதறிய பெயர் இரண்டு அங்குலம் கீழே நல்ல தமிழில் இருக்கும்.

நூறு வருஷத்துக்குள் உள்ள பதிவுகளுக்கு வழி வேறு. சைகோனிலோ புதுச்சேரியிலோ பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவை நான்த் நகரில் உள்ள பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் எத்தா சிவில் மையத்தில் இணையம் வழியே கேட்கலாம், நகல் இலவசம். கேட்கும்போது முழு நகல் என்று குறிப்பிடுங்கள். சுருக்கம் கேட்டால் ஓரக் குறிப்பெல்லாம் ஒழுங்காக வராது. பிறப்பும் கல்யாணமும் 75 வருஷம் தாண்டியிருந்தால் யாரும் கேட்கலாம். அதற்குள் என்றால் அவரோ, கணவன் மனைவியோ, நேர் வாரிசோ, பெற்றோர் வழியோதான் கேட்க முடியும். தம்பியின் பேரன் கேட்டால் தர மாட்டார்கள். சாவுப் பதிவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் சாவை முதலில் கேளுங்கள். அதில் பிறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர் எல்லாம் வந்துவிடும்.

மகனின் வாழ்க்கையைக் கட்டுவது

பிறப்பு கிடைத்ததும் அந்த ஆண்டோடு 20 கூட்டுங்கள். அது அவருடைய பட்டாள வகுப்பு. பிரெஞ்சு ராணுவப் பேரேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம்: உயரம், கண், நெற்றி, தொழில், எழுதப்படிக்கத் தெரியுமா என்பதற்கு ஓர் எண், பிறகு வீடு மாறிய ஒவ்வொரு முகவரியும். முதல் உலகப் போரில் செத்திருந்தால் "மெமுவார் தேஸ் ஓம்" என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் பெயர் போட்டே தேடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தத் தீவுகளில் இந்தியர் பிள்ளைகளை வெகுகாலம் பிரெஞ்சுக்காரர்களாகவே கணக்கில் எடுக்கவில்லை. 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் பிறந்த ஆன்ரி சிதாம்பரோம், இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய வாக்காளர் பட்டியலிலும் பட்டாளப் பேரேட்டிலும் உங்கள் ஆள் இல்லை என்றால் அவர் அங்கே இல்லை என்று அர்த்தமல்ல.

கல்யாணப் பதிவு பிறப்பைவிடக் கனமானது. மாப்பிள்ளை, பெண் இரு பக்கப் பெற்றோரும், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதும், நான்கு சாட்சிகளின் பெயரும் தொழிலும் வரும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி நின்றிருப்பார்கள். நிலம் வாங்கியிருந்தால் நோட்டேர் (பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி) பத்திரம் இருக்கும். அதற்கு அந்தந்தத் தீவின் ஆவணக்காப்பகத்துக்கு எழுத வேண்டும். குவாதலூப்புக்கு அது கூர்பெய்ரில், மார்த்தினிக்குக்கு ஃபோர்-தெ-ஃப்ரான்ஸில், ரீயூனியனுக்கு சென்-தெனியில். கொம்யூன், பெயர், இரண்டு வருஷம் முன்பின் என்று குறுக்கிக் கேட்டால்தான் பதில் வரும். "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று எழுதினால் வராது. பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் உண்டு, எழுத்தாலேயே தேடலாம்.

இங்கே திரும்பி வந்து ஒட்டவைப்பது

கிராமப் பெயரும் தகப்பன் பெயரும் கையில் வந்த பிறகே உள்ளூர் அலுவலகம் ஏறுங்கள். பிரெஞ்சுக் கால நிர்வாகத் தாள்களுக்கு லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவேட்டு மையம். அடையாள அட்டையும், எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். பிறப்பு இறப்புக்கு அந்தந்த நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து. கடலூர்ப் பக்கம் என்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். நிலத்துக்கு வில்லங்கச் சான்று. இணையத்தில் 1975க்குப் பிந்தையதுதான் எளிதில் கிடைக்கும், அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் பதிவேடு எல்லாவற்றையும்விட நீளம் போகும். மிஷன் வீதி சம்பா கோயில் போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயரும் இருக்கும். பங்குச்சாமியாரிடம் நேரில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கூட்டத்தில் கேட்டால் காரியம் ஆகாது.

குலதெய்வத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். தெய்வத்தின் பெயர் மட்டும் போதாது. குவாதலூப், மார்த்தினிக் கோயில்களில் "மாலியேமேன்", "மால்தெவிலேன்" என்று கும்பிடுவது மாரியம்மனையும் மதுரை வீரனையும். இந்த இரண்டும் இல்லாத ஊர் நம் பக்கத்தில் எது? தெய்வத்தோடு ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தால் மட்டும் அதை ஆதாரமாக எடுங்கள்.

ஆள் இவர்தான் என்று முடிவு கட்ட மூன்று பொருத்தம் வேண்டும்: தகப்பன் பெயர், கிராமம் அல்லது தாலுகா, புறப்பட்ட காலம். முத்துசாமியும் வீரப்பனும் ஒவ்வொரு கப்பலிலும் பத்துப் பேர் இருப்பார்கள். வயதைப் பொருத்தமாக எடுக்காதீர்கள். 25, 30 என்று வட்டமாகவே போட்டிருப்பார்கள். ஜாதிக் கட்டத்தையும் நம்ப வேண்டாம். ஆள் சேர்த்தவர் என்ன சொன்னாரோ அது. இன்னொன்றும் உண்டு: ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் கணிசம். தீவில் சாவுப் பதிவு கிடைக்கவில்லை என்றால் அவர் திரும்பிவந்து வேறு ஊரில் குடியேறியிருக்கவும் கூடும்.

பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கித் தருகிறேன் என்று இந்தத் தேடலுக்குள் தரகர்கள் நுழைவார்கள். புதுச்சேரிக்காரர்களின் குடியுரிமை 1962 ஆகஸ்ட் 16இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தையும் அப்போது தந்த ஆறு மாதத் தெரிவுக் காலத்தையும் பொறுத்தது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி மார்த்தினிக் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காசு கொடுக்காதீர்கள்.

அங்கே இருக்கும் சொந்தத்துக்கு எழுதுவது

மகனின் பேரப்பிள்ளைகள் கிடைத்துவிட்டால் உடனே முகநூலில் "நாங்க உங்க சொந்தம்" என்று செய்தி தட்டாதீர்கள். மோசடி என்று அழித்துவிடுவார்கள். பிரெஞ்சில் பத்து வரிக்கு மிகாத கடிதம் போதும். நீங்கள் யார், எந்த ஊர், எந்தப் பதிவில் எந்த எண்ணில் அவர்கள் முன்னோரைப் பார்த்தீர்கள், உங்கள் குடும்பத்தில் அவர் பெயர் எப்படி நினைவில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பிறப்புப் பதிவின் படத்தை இணையுங்கள். அதில் ஆண்டு, கொம்யூன், பதிவு எண் மூன்றும் தெரியும்படி முழுப் பக்கமாக, ஓரம் வெட்டாமல் வையுங்கள். நிலம், பங்கு, விசா என்ற சொல் எதுவும் முதல் கடிதத்தில் வர வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரியைப் பொதுவில் போடும் குடும்ப மரத்தில் அவர்கள் சம்மதம் இல்லாமல் ஏற்றவும் கூடாது. இரண்டு மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அதே தோட்டத்தில், அதே கப்பலில் வந்த வேறொரு குடும்பத்தின் கிளைக்கு எழுதிப் பாருங்கள். கல்யாணச் சாட்சிகளின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.